சூலையும் தண்ணீர்ப் பந்தலும்

திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய பதிகங்களுள் முதலாவது, ஒரு வயிற்றுவலியிலிருந்து பிறந்தது. திருவதிகை வீரட்டானத்து இறைவன் திருமுன் நின்று, சூலை நோயின் வேகம் தாங்காமல், கொல்லிப் பண்ணில் அவர் பாடிய அப்பதிகத்தை இன்றும் அன்பர்கள் பலர் நாள்தோறும் பாராயணம் செய்து வருகின்றனர். ஓதுவார் ஒருவர் அதனை உருகிப் பாடும்போது, இசையின் இனிமையில் கேட்போர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அது வலியால் துடிக்கும் ஒரு மனிதரின் முறையீடு. குடல் முறுக்கிக்கொள்கிறது, உடல் மடங்கி விழுகிறது, இனிப் பொறுக்க இயலாது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். உடல் பொய், வலியும் பொய் என்று தத்துவம் பேசித் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை.

சூலை என்பது, சூலத்தால் குத்துவதுபோல் எழும் வலிகளுக்குப் பழைய மருத்துவ நூல்கள் வழங்கிய பொதுப்பெயர். சுவாமிகளுக்கு வந்த நோய் இன்னதுதான் என்று இன்றைய மருத்துவச் சொல்லால் பெயரிட முனைவது வீண் ஆராய்ச்சி. ஆயினும் சிறுநீரகக் கல்லால் ஒருமுறையேனும் துன்புற்றவர் அப்பதிகத்தை வாசித்தால், தம் வலியை அங்கே அடையாளம் காணாமல் இரார். கல்லடைப்பு என்று சித்த மருத்துவர்களும், அச்மரி என்று ஆயுர்வேத நூல்களும் குறிக்கும் அந்நோயின் வலி அத்தகையது.

அவ்வலி முதுகின் ஒரு பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே தொடங்கும். முன்புறமாக இறங்கி அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் பாயும். அலைபோல் ஏறும், சற்றே தணிவதுபோல் காட்டும், மீண்டும் ஏறும். குமட்டலும் வாந்தியும் உடன்வரும். வேறு சில வயிற்று நோய்களில், அசைந்தால் வலி மிகும் என்று அஞ்சி நோயாளி அசையாமல் கிடப்பார். கல்வலியிலோ படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது, எழுந்து நடந்தாலும் ஆறுதல் இல்லை. இந்த நிலைகொள்ளாமையைக் கண்ட மாத்திரத்திலேயே அனுபவமுள்ள மருத்துவர் கல்லாக இருக்கலாம் என்று ஐயுறுவார்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் உட்புழையோ ஒருசில மில்லிமீட்டர்தான். கல் அதில் வந்து சிக்கும்போது மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் விம்முகிறது. குழாயின் தசைகள் கல்லைக் கீழே தள்ள முயன்று இறுகுகின்றன. வலியின் பிறப்பிடம் அதுவே. ஆகையால் கல்லின் பருமனுக்கும் வலியின் கடுமைக்கும் நேரான தொடர்பு இல்லை. சிறுநீரகத்தினுள் நெல்லிக்காய் அளவு கல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடப்பதும் உண்டு. மிளகினும் சிறிய கல் குழாயில் இறங்கி ஒருவரைத் தரையில் புரளச் செய்வதும் உண்டு. “இத்துணூண்டு கல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று வீட்டார் கேட்பது அறியாமையால் வரும் கேள்வி.

சேக்கிழார் பெருமான் சூலையின் கொடுமையை வருணிக்கும் இடம் நினைவுகூரத்தக்கது. திருவாமூரில் மருள்நீக்கியார் என்னும் பெயரோடு தோன்றி, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரின் அன்பில் வளர்ந்தவர் நம் சுவாமிகள். பின்னர்ச் சமண சமயம் சார்ந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்று விளங்கினார். அங்கேதான் சூலை அவரைப் பற்றியது. கடலடித் தீயும் கடுநஞ்சும் வச்சிராயுதமும் ஒன்றுகூடிக் குடலைக் குடைந்தாற்போல் இருந்தது என்று பெரிய புராணம் கூறுகிறது. உடனிருந்தோர் தாம் அறிந்த மந்திரங்களைச் சொன்னார்கள். மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள். வலி ஏறியதேயன்றி இறங்கவில்லை.

அந்த நிலையில் அவர் செய்த முதற்காரியம், தமக்கையாருக்குச் சொல்லியனுப்பியது. தமக்கு உணவு சமைப்பவனைத் திருவதிகைக்கு அனுப்பித் தம் நிலையைத் தெரிவித்தார். மடத்தின் தலைவர், கற்றோர் போற்றும் புலமை உடையவர், தமக்கையாரின் மனம் வருந்தப் பிரிந்து சென்றவர். இத்தனையையும் எண்ணி அவர் வாய் திறவாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. திலகவதியார் தாம் அம்மடத்துக்கு வருவதற்கில்லை என்று மறுமொழி அனுப்பியபோதும், அவர் மானம் பாராட்டவில்லை. பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் அங்கேயே நீத்து, வெண்ணிற ஆடை உடுத்து, எவரும் அறியாமல் இரவோடு இரவாகக் கெடிலக் கரையிலுள்ள திருவதிகைக்கு வந்து, தமக்கையாரின் திருவடிகளில் விழுந்தார்.

திலகவதியார் அவரை ஏற்றுக்கொண்ட முறையை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.  இறைவன் திருவருளை நினைந்து தம்பியை எழுப்பினார். திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். விடிவதற்கு முன், கோயிலைத் தூய்மை செய்யும் பணிக்குத் திருவலகும் சாணமும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வலியோடு ஒருவர் வந்து நிற்கும்போது, “அன்றைக்கே சொன்னேன், கேட்டீர்களா?” என்று தொடங்காத வீடு இக்காலத்தில் அரிது. தண்ணீர் குடிக்கச் சொன்னதையும் குடிக்காததையும் எடுத்துக்காட்டுவதற்கு உகந்த நேரம் அதுவன்று.

முதியோர் பலர் தம் வலியை வீட்டாரிடம் சொல்வதே இல்லை. மகன் அலுவலகத்துக்கு விடுப்பு எடுக்க நேருமே என்பது ஒரு தயக்கம். மருத்துவமனை என்றால் செலவு என்பது மற்றொன்று. சிறுநீர் தொடர்பான எதையும் மருமகளிடமோ பேரனிடமோ சொல்ல நாணுவோர் மிகுதி. இவற்றுக்கெல்லாம் மேலாக, “எந்தப் பிறவியில் செய்த பாவமோ, அனுபவித்துத் தீர்ப்போம்” என்ற எண்ணம் ஒன்று நெஞ்சில் அமர்ந்துகொள்கிறது. பற்களைக் கடித்துக்கொண்டு பூசையறையில் அமர்ந்திருப்பதே பக்தியின் அடையாளம் என்று அவர்கள் கருதிவிடுகிறார்கள்.

பெரிய புராணம் அப்படிச் சொல்லவில்லை. தம்பிக்காக உருகி வேண்டிய திலகவதியாரின் கனவில் இறைவன் தோன்றி, உன் தம்பி முன்னமே நம்மை அடையத் தவம் செய்தவன், இனிச் சூலையால் அவனை ஆட்கொள்வோம் என்று அருளியதாகவே சேக்கிழார் பாடுகிறார். அங்கே நோய் தண்டனையாக வரவில்லை, அழைப்பாக வந்தது. நோய் நீங்கிய பின்னர், இந்த வாழ்வைத் தந்த சூலைக்குத் தாம் என்ன கைம்மாறு செய்ய இயலும் என்று நாவரசர் தொழுது நின்றதாகவும் கூறுகிறார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வலி தீர்ந்த பிறகுதான் அந்த நன்றி. வலிக்கும்போது அவர் சொன்னது, வலிக்கிறது என்பதைத்தான். முதியவர் ஒருவர் துடித்துக்கொண்டிருக்கையில் அருகே நின்று, “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்பவர்கள் இந்த வரிசை முறையை மறந்துவிடுகிறார்கள்.

வலியைச் சொல்லாமல் மறைப்பதில் உயிருக்கே தீங்கு நேரும் இடம் உண்டு. கல் அடைத்த வலியோடு குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும். அக்கிருமி குருதியில் கலப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அந்நிலையில் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காலை வரை பொறுத்திருப்பது தகாது. இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் அறவே நின்றுபோனாலும், ஒரே சிறுநீரகம் உடையவருக்கு இவ்வலி வந்தாலும், வாந்தி ஓயாமல் நீரும் மருந்தும் தங்காவிட்டாலும் அவ்வாறே. முதுமையில் சிலருக்குக் கடுங்காய்ச்சல் வெளிப்படையாகக் காணாது. திடீரென மயங்கிய பேச்சும் சோர்வும் மட்டுமே தெரியும். இதனை உடனிருப்போர் அறிந்திருத்தல் நலம்.

இன்னொன்றும் உண்டு. 60 வயது கடந்த ஒருவருக்கு வாழ்நாளில் முதன்முறையாக இத்தகைய இடுப்புவலி வந்தால், பக்கத்து வீட்டாருக்கு வந்தது போன்ற கல்தான் என்று தாமே முடிவு செய்துவிடலாகாது. வயிற்றின் வழியே இறங்கும் பெருநாடி வீங்கிக் கசிவதும் இதே உருவில் தோன்றலாம். அது நாழிகைக் கணக்கில் உயிரைக் குடிப்பது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்வலியை விரைந்து அடக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர்களே அவற்றைத் தருகின்றனர். ஆனால் அவற்றுள் சில, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்தக்கூடியவை. வயிற்றில் புண் உண்டாக்கக்கூடியவை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர் தாமாக அவற்றை எடுத்துக்கொள்வது, ஒரு தீயை அணைக்க மற்றொரு தீயை மூட்டுவதாகும். வலியுள்ள பக்கத்தில் தாங்கத்தக்க சூட்டில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுப்பதற்கு இந்த அச்சம் இல்லை. அது மெய்யாகவே இதம் தரும்.

மருத்துவத்தை நாடுவது தெய்வ நம்பிக்கைக்குக் குறைவு என்று எண்ணுவோர் சுசுருத சங்கிதையை நினைக்கலாம். நம் நாட்டின் அப்பழைய நூல் கல்நோயை நால்வகையாகப் பிரித்துப் பேசுகிறது. முதலில் நெய்யும் கஷாயமும் கொண்டு முயலச் சொல்கிறது. அவற்றுக்கு அடங்காதபோது அறுத்து எடுக்கும் முறையையும் விளக்குகிறது. செய்யாவிட்டால் மரணம் உறுதி, செய்தால் பிழைப்பது ஐயம், ஆகவே உரியவரிடம் சொல்லி ஒப்புதல் பெற்றே செய்க என்று மருத்துவனுக்கு எச்சரிக்கையும் தருகிறது. இன்று மருத்துவமனையில் கையொப்பம் வாங்கும் வழக்கத்தைக் கண்டு மருள்வோர், அது நம் முன்னோர் அறிந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

அக்காலத்து அஞ்சத்தக்க அறுவை இன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமே இறங்கி வெளியேறிவிடும். அதற்குச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். 10 மில்லிமீட்டரைக் கடந்தவை தாமே வருவது அரிது. 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலைக் கீறாமல் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை நொறுக்கும் முறை முதன்முதலாக நோயாளி ஒருவருக்குக் கையாளப்பட்டது. இப்போது சிறுநீர் வழியாகவே நுண்குழாயைச் செலுத்தி லேசர் ஒளியால் பொடியாக்கும் முறையும், முதுகில் சிறு துளையிட்டுப் பெருங்கல்லை எடுக்கும் முறையும் நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன.

இச்சிகிச்சைகளின் பின் சிலருக்குச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாய் ஒன்றைச் சில வாரங்களுக்கு வைத்து அனுப்புவர். வலி நீங்கிய மகிழ்ச்சியில் அதனை எடுக்கச் செல்லாமல் மறந்துவிடும் முதியோர் உண்டு. மாதங்கள் கடந்தால் அக்குழாயின் மேலேயே கல் படிந்து, முன்னதினும் பெருந்தொல்லையாக முடியும். காசி யாத்திரைக்குப் புறப்படும் முன் அந்தத் தேதியை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கம் பட்டை, வாழைத்தண்டு ஆகியவற்றை நம் மருத்துவ மரபு கல்லடைப்புக்குச் சொல்லி வந்திருக்கிறது. பொங்கலையொட்டிக் கொங்கு நாட்டில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் பூளைப்பூ, இந்தச் சிறுபீளைதான். தேர்ந்த சித்த மருத்துவரின் கண்காணிப்பில் அவற்றை மேற்கொள்வது வேறு. குழாயை அடைத்து நிற்கும் பெருங்கல்லை வைத்துக்கொண்டு, ஸ்கேன் கூட எடுக்காமல், யாரோ சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் சாறு பருகிக்கொண்டிருப்பது வேறு. வலி நின்றுவிட்டதனாலேயே கல் போய்விட்டது என்று கொள்ள முடியாது. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் ஓசையின்றிச் செயலிழந்துபோகும்.

கல் ஏன் தோன்றுகிறது என்பதற்கு மருத்துவ உலகம் பல காரணங்களைச் சொல்லும். பெரும்பாலான கற்கள் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட் என்னும் உப்பும் சேர்ந்து உறைந்தவை. யூரிக் அமிலத்தால் ஆனவையும், கிருமித் தொற்றால் விளைந்தவையும் உண்டு. எக்கல்லாயினும் அது உருவாகத் துணைநிற்பது, நீர் போதாமல் சிறுநீர் தடித்துப்போவது. நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருக வேண்டும் என்பதே கல் வந்தவருக்கு மருத்துவர் கூறும் முதல் விதி. இதய பலவீனமும் சிறுநீரகச் செயலிழப்பும் உடையோர்க்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் வகுத்த அளவிலேயே நிற்க வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் முதியோர்க்கு இந்த எளிய விதியே மிகக் கடினமானது. பெருந்திருத்தலங்களில் தரிசன வரிசை மணிக்கணக்கில் நீள்கிறது. இடையில் ஒதுங்க இடமிராது. இருந்தாலும் வரிசையை விட்டு வெளியே போனால் மீண்டும் நுழைய முடியுமோ என்ற கவலை. ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சித்திரை வெயிலில் அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரையும் நாவறள நடந்து முடித்து, பேருந்திலும் அடக்கிக்கொண்டு ஊர் திரும்பி, மூன்றாம் நாள் கல்வலியால் துவண்டு விழும் அம்மையார்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வருந்துவதை விட, திருக்கோயில் நிருவாகங்கள் வெட்கப்பட வேண்டும். கோபுரத்துக்கு வண்ணம் பூசும் திருப்பணிக்குக் கிடைக்கும் உபயதாரர், கழிப்பறை கட்டவும் அதனை நாள்தோறும் தூய்மையாக வைக்கவும் கிடைப்பதில்லை. திலகவதியார் ஏந்திய திருவலகு எதைக் குறிக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் நன்று.

விரதங்களிலும் இதே இடர்ப்பாடு. ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருப்பதைச் சிலர் ஆண்டாண்டாக நோற்று வருகின்றனர். கல் வந்த பிறகும் அதனை விட மனம் ஒப்புவதில்லை. விட்டால் குற்றமோ என்று அஞ்சுகின்றனர். மகாபாரதத்து உத்யோக பருவத்தில், விதுர நீதிப் பகுதியில், விரதத்துக்குப் பங்கம் செய்யாதவை எட்டு என்று எண்ணிச் சொல்லப்பட்டுள்ளது. நீர், கிழங்கு, பழம், பால், வேள்வியில் படைத்த அவிசு, அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து என்பன அவை. பட்டியலில் முதலில் நிற்பது நீர். இறுதியில் நிற்பது மருந்து. நோயாளிக்கு வேண்டிய இரண்டையும் சாத்திரமே இரு முனைகளிலும் வைத்துக் காத்திருக்கும்போது, அதனினும் கடுமையான சாத்திரம் ஒன்றை நாமாக இயற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஐயமுடையோர் தத்தம் ஆசாரியரிடம் கேட்டுத் தெளியலாம். நோயுற்ற முதியவரை நீரின்றிக் கிட என்று எந்த ஆசாரியரும் பணிக்கமாட்டார்.

நீருக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது உப்பு. உப்பு மிகுந்தால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக வெளியேறுகிறது. கல்லுக்கு அது நல்வாய்ப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் என்று இலையின் ஓரத்தில் அமர்பவை மட்டுமே அந்த அளவை எட்டிவிடக்கூடும். உப்பில்லாமல் எப்படி உண்பது என்று கேட்போர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒப்பிலியப்பன் கோயிலுக்கு ஒருமுறை சென்று வரலாம். மார்க்கண்டேய மகரிஷியின் மகளாக வளர்ந்த பூமிதேவியைப் பெருமாள் பெண் கேட்டு வந்தார். உப்பிட்டுச் சமைக்கவும் அறியாத சிறுமி என்று மகரிஷி தயங்கினார். உப்பில்லாமலே ஏற்போம் என்று பெருமாள் இசைந்தார் என்பது தலவரலாறு. இன்றளவும் அங்கே நைவேத்தியங்கள் அனைத்தும் உப்பின்றியே படைக்கப்படுகின்றன. அங்கே பிரசாதத்தை முகம் சுளித்து உண்டவர் எவருமில்லை.

உணவைப் பற்றி உலவும் அச்சங்கள் சில தேவையற்றவை. பாலிலும் தயிரிலும் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அவற்றை அறவே விட வேண்டும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை நேர்மாறானது. உணவோடு சேரும் அளவான சுண்ணாம்புச் சத்து, ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுகிறது. அளவான பாலும் தயிரும் பகையல்ல. மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைப் பற்றித்தான் கேட்டறிய வேண்டும். தக்காளி விதை கல்லாகிவிடும் என்பதும் கற்பனையே. பாலக் கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம், கடுந்தேநீர் ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி, அவற்றைக் குறைக்கலாம். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் கல் உறைவதைத் தடுக்கும் தன்மையது. உப்பும் சர்க்கரையும் கூட்டாமல் அதன் சாற்றை நீரில் பிழிந்து பருகலாம். வெயில் ஏறத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் வரும் ஸ்ரீராம நவமிக்கு நீர்மோரும் பானகமும் நிவேதித்து ஊருக்கெல்லாம் வழங்க வைத்த முன்னோரின் உள்ளம் எண்ணத்தக்கது. நீரிழிவு உடையோர் பானகத்தை நாவில் இட்டுக்கொண்டு நீர்மோரைப் பருகுவதே முறை.

ஒருமுறை கல் வந்தவர்க்கு வலியினும் பெரிய சுமை, அது மீண்டும் வருமோ என்னும் அச்சம். தடுப்பு முறைகளைப் பின்பற்றாவிட்டால் பத்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது திரும்பி வருகிறது. இரவில் இடுப்பு சற்றே வலித்தாலும் நெஞ்சு படபடக்கும். வெளியூர்க் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் போகத் தயக்கம் பிறக்கும். இந்த அச்சத்தை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால் வெளியேறும் கல்லை வடிகட்டிப் பிடித்து ஆய்வுக்குக் கொடுத்தால் அது எவ்வகை என்று தெரியும். வகை தெரிந்தால் தடுக்கும் வழியும் தெரியும். யூரிக் அமிலக் கல்லைப் பெரும்பாலும் மருந்தாலேயே கரைத்துவிட இயலும் என்பது பலர் அறியாத நற்செய்தி. ஆடவரில், நடு இரவில் பலமுறை எழ நேர்வதால் மாலையிலேயே நீரை நிறுத்திவிடுவோர், அதற்குப் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கம் காரணமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வீக்கத்தால் சிறுநீர் முழுதும் கழியாமல் தங்கினால் பையிலேயே கல் விளையும்.

நீர் பருகுவதை நினைவில் வைப்பது கடினம் என்போர் அதனைத் தம் நித்திய கருமங்களோடு பிணைத்துக்கொள்ளலாம். எழுந்ததும் ஒரு செம்பு, பூசை முடிந்ததும் ஒன்று, உணவுகளுக்கு இடையே ஒன்று, மாலை விளக்கேற்றியதும் ஒன்று என்று அமைத்துக்கொண்ட முதியோர்க்கு அது அனுட்டானமாகவே பதிந்துவிடுகிறது. சந்நிதியில் பெறும் ஓர் உத்தரணித் தீர்த்தம் உயிருக்கு. உடலின் தாகத்துக்கு அது கணக்கில் சேராது. கல் இறங்கக் காத்திருக்கும் நாள்களில் பத்மாசனமிட்டு அமர முடியவில்லையே என்று மனம் குன்றுவோரும் இருக்கின்றனர். நின்றுகொண்டும், நடந்துகொண்டும், வலி மிகுந்த வேளையில் படுத்துக்கொண்டும் திருநாமத்தைச் சொல்லலாம். சுவாமிகளே திருவதிகையில் அமைதியாக அமர்ந்து பாடவில்லை.

நாவரசரின் வரலாற்றில் சூலைக்குப் பிறகு தண்ணீர் இருமுறை வருகிறது. சோழநாட்டுத் திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், நேரில் கண்டறியாத சுவாமிகளின் பெயரைத் தம் மைந்தர்களுக்கும் அளவைகளுக்கும் பசுக்களுக்கும் சூட்டியவர். அப்பெயரால் அவர் செய்த அறங்களுள் வழிநடையில் அமைத்த தண்ணீர்ப் பந்தல் ஒன்று. அவ்வழியே வந்த சுவாமிகள், நிழலும் குளிர்ச்சியுமாக இருந்த அப்பந்தலில் தம் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தே அடிகளின் இல்லத்தைத் தேடிச் சென்றார். உயர்ந்த மண்டபம் ஒன்றுக்கு அப்பெயரை இட்டிருக்கலாம்; அப்பூதியார் தாகம் தீர்க்கும் பந்தலுக்கு இட்டார். அப்பந்தல் இன்று கோயில் வரிசைகளின் ஒவ்வொரு திருப்பத்திலும் இருக்க வேண்டும். அதனை வைக்க இறை அன்பும் ஒரு பானையும் இருந்தால் போதும்.

மற்றொன்று திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தது. பசியும் தாகமும் மேலிட, சோர்வைப் பொருட்படுத்தாமல் சுவாமிகள் நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் உருவில் பொதிசோற்றோடு காத்திருந்தார் இறைவர். வழிநடந்து மிக இளைத்திருக்கிறீர், இந்தச் சோற்றை உண்டு, இக்குளத்து நீரைப் பருகி, இளைப்பு நீங்கிப் போவீராக என்றார். தரிசனம் முடிந்த பிறகு உண்கிறேன் என்று சுவாமிகள் மறுக்கவில்லை. பொதியைப் பெற்று உண்டார், குளிர்ந்த நீரைப் பருகினார், களைப்பாறினார். அதன் பின்னரே இருவரும் சேர்ந்து திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்தனர்.